இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் கோரோகோவாவில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "கோரோகோவா என்ற புதிர் கேமை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுமாம். நான்கு படங்களை இப்படியும் அப்படியும் நகர்த்துவதில் அப்படி என்ன பெரிய விஷயம்? காசு கொடுத்து வாங்கலாமா?"

வாங்கலாம். எதில் வாங்குவது, எப்படி விளையாடுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான்கு படங்களை நகர்த்துவதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில், தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கோரோகோவா 2017 டிசம்பரில் வந்தது. செய்தவர் ஜேசன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். படங்களை எல்லாம் அவரே கையால் வரைந்தார், புதிர்களையும் அவரே யோசித்தார். இசை ஜோயல் கோரெலிட்ஸ். வெளியிட்டது அன்னபூர்ணா இன்டராக்டிவ் (பெயரைப் பார்த்து நம்மூர் என்று நினைத்துவிட வேண்டாம், அதுவும் அமெரிக்கக் கம்பெனிதான்). கோரோகோவா என்பது ராபர்ட்ஸ் சின்ன வயதில் கற்பனை செய்த ஒரு விலங்கின் பெயராம். எந்த மொழியிலும் அதற்கு அர்த்தம் கிடையாது.

திரையில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம் இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம். நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். படத்துக்குள் நெருங்கிப் போகலாம், விலகி வரலாம், சில படங்களில் பக்கவாட்டில் நகரலாம். ஒரு கட்டத்தை இழுத்து இன்னொரு இடத்தில் வைக்கலாம். சில படங்களில் ஒரு பாகம் மட்டும் தனியாகக் கழன்று வரும். ஜன்னலை இழுத்தால் சட்டம் கையோடு வரும், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி பழைய இடத்திலேயே நிற்கும். அந்தச் சட்டத்தை வேறொரு படத்தின் மேல் கொண்டுபோய்ப் பொருத்தலாம். அவ்வளவுதான். புதிதாக ஒரு பொத்தான், புதிதாக ஒரு சக்தி என்று கடைசி வரை எதுவும் சேராது.

கதை ஒரு பையனிடம் தொடங்குகிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் பல வண்ணங்களில் ஏதோ ஒரு பெரிய உருவம் ஊர்ந்து போகிறது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஒரு கிண்ணத்தில் ஐந்து நிறங்களில் ஐந்து பழங்களைச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறான். ஐந்து பழங்களைத் தேடுவதுதான் விளையாட்டு. கேட்டால் அம்புலிமாமா கதை மாதிரி இருக்கிறது, இல்லையா?

முதல் பழம் ஆப்பிள். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த விளையாட்டின் சூட்சுமமும் இங்கேயே இருக்கிறது. ஒரு படத்தில் மரக்கிளை, அதில் சிவப்பாக ஒரு ஆப்பிள். இன்னொரு படத்தில் கிண்ணத்தோடு பையன். இரண்டும் வேறு வேறு இடம், வேறு வேறு அளவு. மரம் இருப்பதே இன்னொரு காட்சிக்குள்ளே ஒரு படமாக. இப்போது நெருங்கியும் விலகியும் சரிசெய்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கிளையும் கிளையும் சேர்கிற மாதிரி வைக்க வேண்டும். சேர்ந்த அடுத்த நொடியே இரண்டு படங்கள் ஒரே மரமாகிவிடும். காகம் ஒன்று அந்தக் கிளையில் வந்து உட்காரும், கிளை ஆடும், ஆப்பிள் உதிரும். உதிர்ந்த ஆப்பிள் தன் கட்டத்தின் விளிம்போடு நிற்காது. கோட்டைத் தாண்டிக் கீழ்க்கட்டத்துக்குள் வந்து, பையன் நீட்டியிருக்கும் கிண்ணத்தில் தொப்பென்று விழும்.

இதை முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. படக்கதை படித்துப் பழகியவர்களுக்கு இன்னும் கூடுதலாக வரும். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளியை நாம் சுவராகத்தான் நினைத்துப் பழகியிருக்கிறோம். ஒரு கட்டம் ஒரு நேரம், அடுத்த கட்டம் அடுத்த நேரம், கண் தாண்டலாம், பொருள் தாண்டக்கூடாது. அந்தப் பேசாத ஒப்பந்தத்தை ராபர்ட்ஸ் ஒரே ஒரு ஆப்பிளை வைத்து உடைத்துவிடுகிறார். அதை விளக்கி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். நீங்களே செய்கிறீர்கள், நடந்த பிறகுதான் "ஓ, இப்படியும் செய்யலாமா?" என்று புரிகிறது.

அடுத்து வருவது இன்னும் துணிச்சல். ஒரு படத்தில் இரவு வானம், அதில் ஒரு நட்சத்திரம் பளிச்சென்று இருக்கிறது. இன்னொன்றில் விளக்கு ஒன்று வெளிச்சம் இல்லாமல் இருக்கிறது. விளக்கின் கூட்டை மட்டும் கழற்றி எடுத்து நட்சத்திரத்தின் மேல் வைத்தால், எங்கோ வானத்தில் இருக்கிற நட்சத்திரம் விளக்குக்குள் எரியும் சுடராகிவிடும். ஓவியத்தில் எதுவும் மாறவில்லை. நட்சத்திரத்தின் வெள்ளைப் புள்ளி அங்கேயேதான் இருக்கிறது. அதைச் சுற்றி எது இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியது. தட்டையான காகிதத்தில் தூரம் என்று ஒன்று கிடையாது, பெரியது சிறியது என்பதெல்லாம் நம் மனம் போட்டுக்கொள்கிற கணக்கு என்கிற விஷயத்தை ஓவியர்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அதையே சாவியாகக் கையில் கொடுத்தது இந்த விளையாட்டு.

கதவுகளும் அப்படித்தான். கதவுச் சட்டத்தை எந்தக் காட்சியின் மேல் வைக்கிறீர்களோ, பையன் அந்தக் காட்சிக்குள் நுழைந்து போகிறான். மொட்டை மாடியும் வீட்டுக்குள் மாட்டியிருக்கும் ஒரு படமும் அவனுக்கு அடுத்தடுத்த அறைகள்தான்.

இப்போது நீளத்துக்கு வருவோம். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். "இன்னும் ஒரு அம்பது லெவல் போட்டிருக்கலாமே?" போட்டிருக்க முடியாது என்பது என் பதில். ஏன் முடியாது என்பதற்கு வேறு வகை விளையாட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பாபா இஸ் யூ என்று ஒன்று இருக்கிறது. பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்காரி 2017இல் நார்டிக் கேம் ஜாமில் (குறைந்த நேரத்துக்குள் கேம் செய்து காட்டும் நிகழ்ச்சி) தொடங்கி 2019இல் வெளியிட்டது. அதில் விதிகளே தள்ளக்கூடிய கட்டைகளாகத் திரையில் கிடக்கும். 'சுவர் தடுக்கும்' என்கிற விதியின் ஒரு சொல்லைத் தள்ளிவிட்டால் சுவர் தடுக்காது, நீங்கள் ஊடுருவிப் போகலாம். பிரமாதமான யோசனை. ஆனால் அது ஒரு இயந்திரம். இயந்திரத்தை ஒருமுறை கட்டிவிட்டால் அதற்குள் இருநூறுக்கும் மேல் புதிர்கள் போடலாம், அவர் போட்டிருக்கிறார். 1982இல் ஜப்பானில் வந்த சோகோபான் காலத்திலிருந்தே பெட்டி தள்ளும் புதிர்களின் பலம் இதுதான்: விதி கொஞ்சம், அடுக்கும் வழி ஏராளம். பேட்ரிக்ஸ் பாராபாக்ஸும் (2022) அந்த வம்சம்தான். பெட்டிக்குள் பெட்டி, கடைசியில் தனக்குள் தானே இருக்கும் பெட்டி என்று முந்நூற்றைம்பதுக்கும் மேல் புதிர்கள்.

கோரோகோவாவில் இயந்திரம் கிடையாது. நான்கு படங்களை நான்கு இடங்களில் அடுக்க இருபத்துநான்கு வழிதான் உண்டு. அதை மட்டும் நம்பினால் ஐந்து நிமிடத்தில் விளையாட்டு தீர்ந்துவிடும். புதிர் அடுக்குவதில் இல்லை, ஓவியத்துக்குள் இருக்கிறது. இந்தக் கிளை அந்தக் கிளையோடு சேர வேண்டும் என்றால் இரண்டையும் அதே தடிமனில், அதே சாய்வில், அதே கோட்டில் முடிகிற மாதிரி வரைந்திருக்க வேண்டும். ஆனால் அப்படி வரைந்தது பார்க்கிறவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் புதிர் செத்தது. ஒரே படம் தனியாகவும் அழகாக நிற்க வேண்டும், நெருங்கிப் போனால் இன்னொரு படமாக விரிய வேண்டும், அதில் ஒரு துண்டு கழன்று வந்து மூன்றாவது படத்தில் பொருந்தவும் வேண்டும். இத்தனையும் பென்சிலால் வரைந்து, ஸ்கேன் செய்து, கணினியில் வண்ணம் கொடுத்தது. ஒரு புதிருக்காக வரைந்த கிளையால் அடுத்த புதிருக்கு ஒரு பயனும் இல்லை. அடுத்ததுக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

2012இலேயே இதன் டெமோ வெளியே வந்துவிட்டது. பார்த்தவர்கள் அப்போதே வாயைப் பிளந்தார்கள். 2014இல், முழு விளையாட்டு வருவதற்கு மூன்று வருடம் முன்பே, பெரிய கம்பெனிகளைச் சாராத இண்டி கேம்களுக்கான விழாவில் சிறந்த ஓவிய வடிவமைப்புக்கான பரிசும் கிடைத்துவிட்டது. அப்புறமும் 2017 வரை இழுத்தது. டெமோவில் வந்த கைதட்டலை நம்பி அவசரமாக முடித்துவிடாமல் அத்தனை வருடம் உட்கார்ந்து வரைந்த மனுஷனை நினைத்தால் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. 2018இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக விளையாட்டு விருதும், கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருதுகளில் புதுமைக்கான விருதும் இதற்குப் போயின.

இன்னொரு காரணமும் உண்டு. இதில் ஒவ்வொரு யோசனையும் ஒரு விடுகதை மாதிரி. விடை தெரிந்த பிறகு அதே விடுகதையை ஆளை மாற்றி, ஊரை மாற்றி இன்னும் பத்து தடவை கேட்டால் யாருக்கு ரசிக்கும்? நட்சத்திரம் விளக்கானது ஒருமுறைதான் மாயம். இரண்டாவது முறை நட்சத்திரத்தைப் பார்த்தால் "சரி, விளக்கு எங்கே?" என்று கை தானாகத் தேடும். ராபர்ட்ஸ் அந்த இரண்டாவது முறையைத் தருவதே இல்லை.

ஆனால் வெறும் வித்தைகளின் தொகுப்பாக இருந்திருந்தால் நான் இத்தனை எழுத மாட்டேன். கண்ணைக் கட்டும் யோசனைகள் கேம் உலகத்தில் நிறைய வருகின்றன. 2023இல் வந்த வியூஃபைண்டர் ஒரு நல்ல உதாரணம். ஒரு புகைப்படத்தைக் கையில் பிடித்து நீட்டினால், படத்தில் இருக்கும் பாலம் நிஜப் பாலமாக எதிரே முளைத்துவிடும், நடந்து போகலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் கோரோகோவாவைவிட எத்தனையோ மடங்கு கடினமான வேலை. ஆனால் அந்த அற்புதத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலும் என்ன செய்கிறோம்? பேட்டரியைத் தேடிக் கொண்டுபோய் அடுத்த இடத்துக்கு அனுப்பும் மேடையில் வைக்கிறோம். மறுபடியும் பேட்டரி. மறுபடியும் மேடை. கதை ஒரு பக்கம் குரலிலும் குறிப்புகளிலும் போய்க்கொண்டிருக்கும், புதிர் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், இரண்டும் கை கோர்க்காது. நல்ல விளையாட்டுதான், நான் ரசித்தேன், ஆனாலும் முடித்த கையோடு மறந்துவிட்டேன்.

கோரோகோவாவில் கட்டங்களைச் சேர்ப்பதும் கதையும் ஒரே விஷயம். முடிவைச் சொல்ல மாட்டேன், இவ்வளவு மட்டும் சொல்கிறேன். போகப் போக, அந்தப் பையனைத் தவிர வேறு சிலரும் கட்டங்களில் வருவார்கள். வெவ்வேறு வயது, வெவ்வேறு உடை, நகரமும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒன்றில் முழுசாக இருக்கிற கட்டடங்கள் இன்னொன்றில் போரில் இடிந்து கிடக்கும். முதலில் இவர்கள் யாரோ என்று தோன்றும். அப்புறம் ஒரு நேரத்தில் உங்களுக்கே உறைக்கும். கையில் கட்டங்களை வைத்துக்கொண்டு பழையதையும் புதியதையும் பொருத்திப் பொருத்திப் பார்ப்பது ஒரு மனிதன் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிற வேலைதான் என்று தெரிகிற இடம் அது. அதுவரை தந்திரமாகத் தெரிந்தது எல்லாம் வேறு அர்த்தத்தில் தெரியும். இதை ஒரு வசனம் வைத்துச் சொல்லியிருந்தால் சப்பென்று போயிருக்கும்.

வசனம் என்றதும் ஞாபகம் வருகிறது. விளையாட்டுக்குள் படிக்க வேண்டிய எழுத்து என்று ஒன்றுமே இல்லை. நம்மில் பலருக்கு இது சின்ன விஷயம் இல்லை. நல்ல கதை சொல்லும் கேம்கள் எல்லாம் பக்கம் பக்கமாக ஆங்கிலம் படிக்கச் சொல்லும். வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ கொடுக்க முடியாது. இதைக் கொடுக்கலாம். எழுத்தே கூட்டத் தெரியாத குழந்தையும் ஆப்பிள் விழுந்ததும் கைதட்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நகர்த்த நான்கே கட்டங்கள் என்பதால், மாட்டிக்கொண்டால் யோசிக்காமல் இங்கும் அங்கும் இழுத்துப் பார்த்தே தப்பித்துவிடலாம். சில இடங்களில் அப்படித் தப்பித்த பிறகு "இது ஏன் வேலை செய்தது?" என்றுகூடப் புரியாது. நல்ல புதிருக்கு அது அழகில்லை. கடைசிப் பகுதியில் ஒன்றிரண்டு புதிர்களில் நேரம் பார்த்துச் சட்டென்று கட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை நிதானமாகப் பார்க்கச் சொன்ன விளையாட்டு திடீரென்று விரலை அவசரப்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி விளையாடினால் புதிராக எதுவும் மிஞ்சாது, ஓவியத்துக்காக மட்டும் ஒருமுறை போய்வரலாம்.

விலை விஷயம் பழைய சண்டை. 2008இல் ஜொனாதன் ப்ளோவின் பிரெய்டு பதினைந்து டாலருக்கு வந்தபோதே "இத்தனை சின்ன கேமுக்கு இவ்வளவா?" என்று முணுமுணுத்தார்கள். 2014இல் மான்யுமென்ட் வேலி என்ற மொபைல் புதிர் கேம் பத்தே அத்தியாயங்களோடு வந்து பேரெடுத்தது. அதே வருடம் இன்னும் எட்டு அத்தியாயங்களை இரண்டு டாலருக்கு விற்றதும் காசு கேட்டுவிட்டார்கள் என்ற ஒரே கோபத்தில் பலர் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தள்ளினார்கள். ஒரு டீ, ஒரு வடை விலைக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம், அமெரிக்க டீ என்று வைத்துக்கொண்டால். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் இன்னொரு சிக்கல். வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். பெரிய கேம்களுக்கு அது நியாயமான விதி. சின்ன கேமை முழுசாக முடித்து, ரசித்து, அப்புறம் காசையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கும் அதே விதி வழி விடுகிறது. 2021இல் எமிகா கேம்ஸ் என்கிற ஒற்றை ஆள் நிறுவனம், தன் குட்டித் திகில் கேமை ஆட்கள் முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லி, காலவரையில்லாமல் கேம் செய்வதை நிறுத்துவதாகவே அறிவித்தது.

மணிக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்த்து வாங்குகிறவர் என்றால் கோரோகோவா உங்களுக்குத் தோதுப்படாது, அதில் தப்பும் இல்லை, மாதம் முழுக்க ஓட்ட ஒரே ஒரு கேம் வாங்க முடிகிறவர்கள் அப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு பாபா இஸ் யூ போதும், ஒரு வருடம் ஓடும். மற்றவர்கள் மொபைலில் பாருங்கள். கணினியில் வந்தபோது பதினைந்து டாலர், ஐபோனில் ஐந்து டாலர்தான். அதே விளையாட்டு, ஒன்றும் குறைத்துத் தரவில்லை. ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. சின்ன போன் திரையில் மட்டும் வேண்டாம். கட்டம் ஒன்றுக்குத் திரையில் கால் பாகம்தான் கிடைக்கும், நுணுக்கமான கோடுகள் காணாமல் போய்விடும். டேப்லெட் இருந்தால் அதுதான் பொருத்தம், விரலால் காகிதத்தை நகர்த்துகிற உணர்வும் கிடைக்கும்.

விளையாடும்போது அமைப்புகளுக்குள் போய்க் குறிப்புகளை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் எங்கே தொட வேண்டும் என்று படமே மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். விடையை யூடியூபில் தேடாதீர்கள், மாட்டிக்கொண்டால் மூடி வைத்துவிட்டு மறுநாள் திறங்கள். முடிந்தால் இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து விளையாடுங்கள், நீங்கள் பார்க்காமல் விட்டதை அவர் பார்ப்பார். முடித்த பிறகு இதே ருசியில் இன்னும் வேண்டும் என்றால் விண்டோசில் (Windosill) என்ற கேமைத் தேடிப் பாருங்கள். பேட்ரிக் ஸ்மித் 2009இல் செய்தது, ராபர்ட்ஸுக்கே தூண்டுதலாக இருந்த ஒன்று, இதைவிடவும் சின்னது.